‘அறவழிச் சூடு’ என்னும் சொல்லை ஏன் ஆக்கித்தரவில்லை

நீண்ட பதிவு. மொழியியல் மாணவர்களும் கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்டிருப்போரும் பொறுத்துப் படிக்குமாறு வேண்டுகிறேன்.

சென்ற மாதம் எனக்கு ஒரு வேலை வந்தது. அமெரிக்காவில் குடியேறிய தமிழர் சிலர், வேட்டையைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள், தமக்குள் சுற்றுக்கு விடுவதற்கென ஒரு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறார்கள். அண்மைத் தொலைவில் மானைச் சுடுவதற்கு எந்தக் கைத்துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது என்பது அதன் பொருள். மொழிபெயர்ப்பு முடிந்துவிட்டது. நாற்பது கலைச்சொற்கள் மட்டும் நிற்கின்றன. அவற்றுக்கு ‘நல்ல தமிழ்’ வேண்டுமாம். இடையில் நின்று பேசியவர், கொல்கத்தாவில் நான் அண்ணன் என்றழைக்கும் மூத்த ஆய்வாளர் ஒருவர். தொகையையும் சொன்னார். ஆய்வு உதவித்தொகை ஐந்து மாதமாக வராத நிலையில், சாந்த்ராகாச்சி ரயில் நிலையத்தருகே ஓர் அறைக்கு வாடகை கொடுத்து, சேனைக்கிழங்கை விதவிதமாகச் சமைத்துக்கொண்டு (இவ்வூர்ச் சேனை வங்காளம் முழுதும் பெயர் பெற்றது) நான்காம் இயலோடு மல்லுக்கட்டும் ஒருவனுக்கு அத்தொகை சிறிதன்று.

நாற்பதில் முப்பத்தொரு சொற்களைக் கொடுத்தேன். ஒன்பதைத் தர மறுத்தேன். அண்ணன் வருத்தப்பட்டார். “சொல்லைக் கொடுப்பதோடு உன் வேலை முடிந்தது தம்பி. சுடுவது நீயல்ல” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கான மறுமொழியே இப்பதிவு. அவரிடம் நேரில் சொன்னபோது பாதியில் தேநீர் வந்துவிட்டது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். சட்டத்தைக் காட்டி நான் ஒதுங்கவில்லை. இந்தியாவில் இக்கேள்விக்கே இடமில்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் 1991இல் அதற்கு வந்த திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. ஆனால் கையேட்டைப் படிக்கப்போகிறவர்கள் வாழும் மாநிலங்களில் உரிமம் பெற்று மானைச் சுடுவது குற்றமன்று. பலவற்றில் கைத்துப்பாக்கியால் சுடுவதும் குற்றமன்று. ஆகவே அவர்களோடு அவர்களுடைய களத்திலேயே நின்று பேச வேண்டும்.

அந்தக் களம் எது? வேட்டைக்காரர்கள் தாமே வகுத்துக்கொண்ட அறம். விலங்கு துன்புறாமல் விரைந்து சாக வேண்டும். அதற்குத் தக்க கருவியைத் தேர்ந்தெடுப்பது வேட்டைக்காரனின் கடமை. இதை நான் ஏளனம் செய்யவில்லை. ஆனால் இவ்வளவுகோலையே கைத்துப்பாக்கியின் மேல் வைத்துப் பாருங்கள்.

இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கான 1991ஆம் ஆண்டு மான் சட்டம், மானைச் சுடும் ரைபிளின் குழல்வாயில் குறைந்தது 1,700 அடி-பவுண்டு ஆற்றல் இருக்க வேண்டும் என்று விதித்தது. (மிகச் சிறிய இரண்டு மான் இனங்களுக்கு மட்டும் பின்னர் 1,000 என்று தளர்த்தினார்கள்.) கைத்துப்பாக்கி வேட்டையின் அடையாளமாகவே ஆகிவிட்டது, எல்மர் கீத் என்பவரின் முயற்சியால் 1950களின் நடுவில் வெளிவந்த .44 மேக்னம். அதன் ஆற்றல் 1,000 அடி-பவுண்டைச் சுற்றி நிற்கிறது. .357 மேக்னம் அதில் ஏறத்தாழப் பாதி. ரைபிள் தோட்டாவை ஏற்கும் ஒற்றைச் சூட்டுக் கைத்துப்பாக்கிகள் இதைத் தாண்டும் என்பார்கள். தாண்டட்டும். குழல் குட்டை; முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே ஒரு சாண், மிஞ்சினால் சற்றுக் கூடுதல்; தோளில் ஊன்றக் கட்டையில்லை. கையில் ஏற்படும் மயிரிழை நடுக்கம் மானை எட்டும்போது நுரையீரலுக்கும் குடலுக்கும் இடையிலான தூரமாக விரிந்துவிடுகிறது. இது நான் கண்டுபிடித்ததன்று. கையேட்டின் மூன்றாம் பக்கமே இதைச் சொல்கிறது. அதனால்தான் ‘அண்மைத் தொலைவு’ என்று தலைப்பிலேயே கட்டுப்பாடு போடுகிறது.

அப்படியானால் ரைபிளைக் கையிலெடுக்கலாமே? எடுக்க மாட்டார்கள். ஏனென்றால் ரைபிளில் ‘சவால்’ இல்லை. கைத்துப்பாக்கி கடினம் என்பதனாலேயே அது தேர்ந்தெடுக்கப்படுகிறது. இவ்விடத்தில்தான் எனக்குத் தொண்டையில் முள் சிக்குகிறது. சவாலை ஏற்பவன் தோற்றால் விலை கொடுக்க வேண்டியவன் அவனே என்பது எல்லா விளையாட்டுக்கும் பொதுவான விதி. மலையேறுபவன் கை தவறினால் அவன் விழுகிறான். கைத்துப்பாக்கி வேட்டையில் கை தவறினால் தாடை உடைந்த மான் மூன்று நாள் பட்டினி கிடந்து சாகிறது. சுட்டவன் வீட்டுக்குப் போய் அடுத்த வாரம் இன்னும் நெருங்கிச் செல்வேன் என்று உறுதி பூணுகிறான். துன்பத்தைக் குறைப்பதே அறம் என்றால் கைத்துப்பாக்கியை எடுக்கக் கூடாது. சவாலே நோக்கம் என்றால் அறத்தின் பெயரைச் சொல்லக் கூடாது. இரண்டையும் ஒரே உறையில் செருகும் வேலையைத்தான் அந்த ஒன்பது சொற்கள் செய்கின்றன.

எவை அவை? எல்லாவற்றையும் இங்கே அடுக்கப்போவதில்லை. ஆங்கிலத்தில் மானைக் கொன்றேன் என்பதற்கு ‘ஹார்வெஸ்ட்’ செய்தேன் என்கிறார்கள். அண்ணனின் பட்டியலில் அதற்கு நேரே ‘அறுவடை?’ என்று கேள்விக்குறியோடு எழுதியிருந்தது. அறுப்பதற்கு முன் விதைத்திருக்க வேண்டும். அந்தக் காட்டில் மானை விதைத்தது யார்? நம்முடைய மருத்துவச் செய்திகளும் ‘உறுப்பு அறுவடை’ என்று எழுதத் தொடங்கிவிட்டதால் இது காதுக்கு உறுத்தாது என்று அவர் வாதிட்டார். உறுத்தாமற்போவதுதான் என் அச்சம். அடுத்து ‘கிளீன் கில்’. இதைத் ‘தூய கொலை’ என்று எழுதிப் பாருங்கள். தமிழ் அதைக் கேட்டுத் திடுக்கிடுகிறது. ஆங்கிலம் திடுக்கிடுவதை எப்போதோ விட்டுவிட்டது. ‘எதிக்கல் ஷாட்’டுக்குப் பட்டியலில் இருந்ததுதான் ‘அறவழிச் சூடு’.

இன்னொன்று, சொல்லாக அன்றித் தொடராக வந்தது. சுட்டபின் மான் என்ன ஆயிற்று என்பதைச் சொல்லும் இடமெல்லாம் கையேடு ‘மான் கீழே போயிற்று’ என்ற பாங்கில் எழுதுகிறது. மானே எழுவாய், மானே வினைமுதல், சுட்டவன் வாக்கியத்துக்கு வெளியே. தமிழ் வினைகளில் வீழ்–வீழ்த்து, ஒடிந்தது–ஒடித்தான் போன்ற இணைகளைப் பற்றிக் கு. பரமசிவம் எழுதியதை நம்மில் பலர் முதுகலையில் படித்திருப்போம். வினையின் விளைவு எழுவாயின் மீதே படிகிறதா, பிறிதொன்றின் மீது படிகிறதா என்பதை வினைவடிவமே சொல்லிவிடும் மொழி நம்முடையது. ‘மான் வீழ்ந்தது’ என்று எழுதுவது இலக்கணப் பிழையன்று. ஆனால் ‘வீழ்த்தினான்’ என்ற வடிவம் பக்கத்திலேயே இருக்கும்போது, நூறு இடத்தில் நூறு முறையும் முன்னதையே தேர்ந்தெடுப்பது நடையின் பழக்கம் என்று நான் நம்பவில்லை.

மான் என்ற சொல்லின் வரலாறும் இதில் உண்டு. ஆங்கிலத்தில் மானைக் குறிக்கும் ‘டியர்’, பழைய ஆங்கிலத்தில் எந்த விலங்கையும் குறித்தது. ஜெர்மன் மொழியின் ‘டீர்’ இன்றும் அப்படித்தான். வடமொழியில் ‘மிருகம்’ காட்டு விலங்கும் ஆகும், மானும் ஆகும். வேட்டைக்குப் பெயர் ‘மிருகயா’. தமிழிலும் ‘மா’ விலங்கின் பொதுப்பெயர், ‘மான்’ அதன் பக்கத்திலேயே நிற்கிறது. வேட்டையாடுபவனின் கண்ணில் விலங்கு என்றாலே மான்தான் போலும். ஆயினும் தொல்காப்பிய மரபியல் இதோடு நிற்கவில்லை. புல்வாய், நவ்வி, உழை என்று இனம் பிரிக்கிறது. ஆணுக்கு இரலை, கலை, பெண்ணுக்குப் பிணை, குட்டிக்கு மறி என்று தனித்தனிப் பெயர் சொல்கிறது. இத்தனை பெயர் வைத்த மொழியில், இவை அனைத்தையும் ‘கேம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள், அதாவது விளையாட்டுக்குள், அடைப்பதற்குச் சொல் இல்லையே என்று அண்ணன் கவலைப்பட்டார். வறுமை எப்பக்கம் என்று நான் கேட்டேன்.

(இங்கே வங்காளியில் ‘ஷிகார்’ என்ற சொல்லுக்கு வேட்டை என்றும் பொருள், வேட்டையாடப்பட்ட உயிர் என்றும் பொருள். விபத்திலோ மோசடியிலோ சிக்கியவரையும் செய்தித்தாள்கள் ‘ஷிகார்’ என்றே எழுதும். வந்த புதிதில் இது எனக்குப் பெரிய குழப்பம். இப்போது நேர்மையான சொல்லாகப் படுகிறது. செயலையும் அதற்கு ஆளானவரையும் பிரித்து மறைக்க அது இடம் தருவதில்லை.)

சொல் வெறும் சொல்தான் என்பவர்களுக்கு ‘ஸ்டாப்பிங் பவர்’ என்ற சொல்லின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன். ஒன்பதில் அதுவும் ஒன்று. சுடப்பட்ட உயிரை நின்ற இடத்திலேயே நிறுத்தும் ஆற்றல் என்று பொருள். கைத்துப்பாக்கித் தேர்வு பற்றிய எந்த உரையாடலும் இச்சொல்லைச் சுற்றியே நடக்கும்.

1895இல் சித்ரால் படையெடுப்பின்போது, தங்கள் புதிய .303 குண்டு எதிரியின் உடலைத் துளைத்துச் சென்றுவிடுகிறது, அவனை நிறுத்துவதில்லை என்று பிரிட்டிஷ் படையினர் குறைபட்டுக்கொண்டார்கள். அதற்கு விடையாக, உடலுக்குள் விரிந்து கிழிக்கும் குண்டு ஒன்று உருவாக்கப்பட்டது. உருவாக்கியவர் கேப்டன் பெர்ட்டி-கிளே. இடம் தம்தம் ஆயுதச்சாலை. ஆம், நாம் விமானம் ஏறப் போகிற அதே தம்தம். ஊரின் பெயரே குண்டின் பெயராகி உலகெங்கும் பரவியது. 1899இல் ஹேக் மாநாட்டில் இவ்வகைக் குண்டுகளைத் தடைசெய்யும் பேச்சு எழுந்தபோது, பிரிட்டன் சார்பில் சர் ஜான் ஆர்டா எதிர்த்து வாதிட்டார். நாகரிகப் படைவீரன் குண்டடி பட்டதும் நின்றுவிடுவான், காட்டுமிராண்டியோ பட்டபின்னும் ஓடி வருவான் என்பது வாதத்தின் சாரம். தோற்றார், தடைப் பிரகடனம் நிறைவேறியது.

சில ஆண்டுகள் கழித்து அமெரிக்கர்களுக்குப் பிலிப்பைன்ஸில் மோரோ மக்களோடு அதே ‘சிக்கல்’. விளைவு, 1904இல் தாம்சன், லகார்ட் என்னும் இரண்டு அதிகாரிகள் சிகாகோ இறைச்சிக் கூடங்களில் நடத்திய சோதனை. பல அளவுக் கைத்துப்பாக்கிகளால் உயிருள்ள மாடுகளையும் மனிதப் பிணங்களையும் சுட்டுப் பார்த்து, எந்தக் குண்டு எவ்வளவு விரைவில் நிறுத்துகிறது என்று குறித்தார்கள். .45 அளவுதான் வேண்டும் என்ற முடிவு அங்கிருந்து வந்தது. அந்தச் சோதனையின் வழிவந்த பேச்சைத்தான் இன்று ஒரு தமிழ்ப் பொறியாளர் தம் வீட்டுப் பின்கட்டில் காப்பி குடித்துக்கொண்டே மானைப் பற்றி நிகழ்த்துகிறார். மேலே சொன்ன மான் சட்டம் ரைபிளுக்கு விரியும் குண்டையே கட்டாயமாக்குகிறது என்பதையும் கவனியுங்கள். போர்வீரனின் உடலில் செலுத்தக் கூடாதது மானின் உடலில் செலுத்தியே ஆக வேண்டியதாகிறது. இதற்கு நியாயம் உண்டு, விரைவில் சாகும் என்பது; அதை மறுக்கவில்லை. ஆனால் ‘நிறுத்தாற்றல்’ என்று அழகாக ஒரு கூட்டுச்சொல் கட்டிக் கொடுத்தால், அதற்குள் யார் யாரெல்லாம் நிறுத்தப்பட்டார்கள் என்பது தமிழில் தெரியாமலே போய்விடும். ஆங்கிலத்திலாவது தேடினால் கிடைக்கும்.

நெருங்கிய தொலைவில் கைத்துப்பாக்கி என்பது இந்திய வேட்டை வரலாற்றுக்கும் புதிதன்று. யானை அம்பாரியில் அமர்ந்து புலி வேட்டையாடிய வெள்ளையர், பெருங்குழல் கைத்துப்பாக்கி ஒன்றை அருகில் வைத்திருந்தார்கள். அம்பாரியைக் குறிக்கும் ‘ஹௌதா’ என்ற சொல்லாலேயே அதற்குப் பெயர். காயம்பட்ட புலி யானை மேல் பாய்ந்து ஏறினால் கடைசித் தற்காப்பு அது. அதையே முதன்மை ஆயுதமாகக் கொண்டு காட்டுக்குப் போனவர் அரிது. மான் எவனுடைய அம்பாரியிலும் ஏறியதில்லை.

மானருகே கைத்துப்பாக்கிக்கு நியாயமான இடம் ஒன்று உண்டு. 1996இல் டன்பிளேன் பள்ளியில் குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, 1997இல் பிரிட்டன் கைத்துப்பாக்கிகளை ஏறக்குறைய முழுமையாகத் தடைசெய்தது. விலக்களிக்கப்பட்ட சிலவற்றுள் ஒன்று, துன்புறும் விலங்கை முடித்துவைக்கும் துப்பாக்கி. சாலையில் வண்டி மோதி முதுகு ஒடிந்து கிடக்கும் மானிடம் ஒரு கால்நடை மருத்துவர் அருகில் சென்று நெற்றியில் வைத்துச் சுடுகிறார். அது அண்மைத் தொலைவு, அது கைத்துப்பாக்கி, அங்கே சவால் எதுவுமில்லை. அச்செயலுக்குத் தமிழ்ச்சொல் கேட்டால் இரவு முழுதும் விழித்து உட்கார்ந்து ஆக்கித்தருவேன்.

எதிர்வாதங்கள் வரும். நான் மீன் தின்பவன். வங்காளத்துக்கு வந்தபின் இன்னும் அதிகமாக. கொல்லாமை பேசும் தகுதி எனக்கில்லை, பேசவுமில்லை. குறிஞ்சித் திணையில் வேட்டை இல்லையா, கண்ணப்பர் வேடரில்லையா என்பார்கள். இருந்தது, வேடர்தான். அங்கே வேட்டை வயிற்றுக்கானது, அதன் பெயரும் வேட்டைதான். பயிரழிவு? அது உண்மையான துயரம். காட்டோர உழவர் இரவெல்லாம் பரண்மேல் விழித்திருப்பதை வார இறுதி வேட்டைக்காரரோடு சேர்த்துப் பேச எனக்கு மனமில்லை. 2016இல் பீகாரில் மோகாமா வட்டாரத்தில் அரசின் ஒப்புதலோடு இருநூற்றுக்கு மேற்பட்ட நீலான்கள் சுடப்பட்டன. அது சரியா என்பதில் எனக்கு ஐயம் உண்டு, ஆனால் அங்கு எவரும் அதை விளையாட்டு என்று சொல்லவில்லை. அந்தமானில் ஆங்கிலேயர் கொண்டுபோய் விட்ட புள்ளிமான் அங்குள்ள காட்டின் இளங்கன்றுகளைத் தின்று தீர்க்கிறது. எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்று சூழலியலாளர் சொன்னால் நான் கேட்டுக்கொள்வேன். இவை எதற்கும் ‘எந்தக் கைத்துப்பாக்கி’ என்ற கேள்வி விடையாகாது.

கடைசி எதிர்வாதம் என்னைச் சினமூட்டியது. நம் நாட்டில்தான் கொடூரமான வேட்டை நடக்கிறது, அவர்களாவது அறம் பேசுகிறார்கள் என்றார் அண்ணன். அவர் சுட்டியது ஜங்கல்மஹலின் பழங்குடி வேட்டைத் திருவிழாக்களை. என் அறைக்கருகே ஓடும் இதே தென்கிழக்கு ரயில்வேத் தடம் கரக்பூர் கடந்து அக்காடுகளுக்குத்தான் போகிறது. வில், ஈட்டி, கோடரியோடு மக்கள் செல்வார்கள். 2018 ஏப்ரலில் லால்கர் வட்டாரத்தில் ஒரு புலி கூராயுதக் காயங்களோடு இறந்து கிடந்தது. அடுத்த ஆண்டு கல்கத்தா உயர்நீதிமன்றம் இவ்வேட்டைகளைத் தடுக்க ஆணையிட்டது. தடுத்தது சரி என்றே நான் கருதுகிறேன். ஆனால் சொற்களைப் பாருங்கள். ஈட்டியோடு போகிற சந்தாலுக்குக் ‘கள்ளவேட்டைக்காரன்’ என்று பெயர்; .44 மேக்னத்தோடு போகிறவருக்கு ‘ஸ்போர்ட்ஸ்மேன்’. இந்தப் பிரிவினைக்கு வயது குறைவன்று. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியர்கள் ஆயுதம் வைத்திருக்க உரிமம் கேட்டது, ஐரோப்பியருக்கு விலக்குக் கொடுத்தது. மறு ஆண்டே நீலகிரிக்கென வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உரிமம் வைத்திருந்த துரைமாரின் விளையாட்டுக்காக விலங்குகள் பாதுகாக்கப்பட்டன. ‘கேம்’ என்ற சொல் தமிழ் மண்ணில் சட்டமாக இறங்கிய விதம் அது. அதற்குத் தூய தமிழ்ப்பெயர் சூட்டும் விழாவுக்கு நான் வரவேண்டுமா?

கலைச்சொல்லாக்கம் நடுநிலைத் தொழில் என்று நமக்குப் பயிற்சியரங்குகளில் சொல்லித்தருகிறார்கள். குழலுக்கும் விசைக்கும் பின்னுதைப்புக்கும் அது பொருந்தும். அவற்றைத் தயங்காமல் கொடுத்தேன். துப்பாக்கியைத் தமிழில் பேசக் கூடாது என்பது என் நிலைப்பாடன்று. மருத்துவமும் சட்டமும் தடயவியலும் அச்சொற்களைக் கேட்கின்றன. ஒரு பொருளுக்குப் பெயர் வைப்பது வேறு, ஒரு செயலுக்கு முகமூடி தைப்பது வேறு. பின்னதற்குத் தையற்கூலி வாங்கிக்கொண்டு, அணிந்தவன் நானல்லன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒன்பதையும் வெறுமனே விட்டுவிடவில்லை. எதிரே என்னால் எழுத முடிந்ததை எழுதியே அனுப்பினேன். ‘ஹார்வெஸ்ட்’: கொல்லுதல். ‘கிளீன் கில்’: சுட்டவுடன் சாதல். ‘எதிக்கல் ரேஞ்ச்’: இதைத் தாண்டினால் பெரும்பாலும் காயப்படுத்தும் தொலைவு. ‘ஸ்டாப்பிங் பவர்’: ஓடவிடாமற் கொல்லும் திறன். ‘கேம்’: மான், பன்றி, முயல் என்று எதைச் சுடுகிறீர்களோ அதன் பெயர். ‘எதிக்கல் ஷாட்’ என்பதற்கு எதிரே மட்டும் கோடு போட்டுவிட்டேன்.

அண்ணன் படித்துவிட்டு, “அவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன் தம்பி” என்றார். பன்னிரண்டு நாளாயிற்று. வாடகை ஐந்தாம் தேதி.